மார்க்க அறிஞரின் ஆட்சியும் அயல்நாட்டுக் கொள்கையும்: ஈரான், 1979–1989

தெஹ்ரான் நகரில் அயல்நாட்டு அமைச்சகத்தின் நுழைவாயிலுக்கு மேலே, 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டது. “கிழக்கும் அன்று, மேற்கும் அன்று, இஸ்லாமியக் குடியரசு” என்பது அதன் பொருள். அன்றைய உலகில் கிழக்கு என்பது சோவியத் ஒன்றியம். மேற்கு என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகள். அணிசேராக் கொள்கையோடு நெடுநாள் பழகிய நமக்கு இதில் புதுமை தோன்றாது. ஆயினும் திருக்குர்ஆனை ஓதிப் பழகிய ஈரானியரின் செவியில் இவ்வாசகம் வேறோர் ஒலியையும் எழுப்பியிருக்க வேண்டும். இறைவனுடைய ஒளியைக் குறித்துப் பேசும் 24ஆம் அத்தியாயத்தின் புகழ்பெற்ற வசனத்தில், கிழக்கையும் சாராத, மேற்கையும் சாராத ஒலிவ மரம் ஒன்று குறிப்பிடப்படுகின்றது. இறையொளிக்கு எண்ணெய் தரும் மரத்திற்குரிய அடைமொழி ஓர் அரசாங்க அமைச்சகத்தின் வாயிலுக்கு வந்து சேர்ந்தது. சமயச் சொல் அரசின் சொல்லாக மாறுகையில் அச்சொல்லுக்கு என்ன நேரிடுகின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

ஈரானின் அயல்நாட்டுக் கொள்கையைக் குறித்து இருவகைக் கூற்றுகள் வழங்கி வருகின்றன. சமயக் கொள்கையே அந்நாட்டை வெறிகொண்டு நடத்திற்று என்பர் ஒரு சாரார். கொள்கை வெறும் முகமூடி. உள்ளே இருந்தது எல்லா அரசுகளுக்கும் உரிய தன்னலமே என்பர் மறுசாரார். இரண்டிற்கும் சான்றுகள் உண்டு. எனினும் இரண்டும் முழு உண்மையைத் தொடவில்லை என்பது நம் கருத்து. கொள்கை அரசின் நலனுக்குப் புறத்தே நின்று அதனோடு போராடித் தோற்றதன்று. அரசைக் காப்பதே தலையாய சமயக் கடமை என்று கொள்கையே தன் வாயால் அறிவித்த நாள் ஒன்று உண்டு. அந்த நாளுக்கு ஈரான் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முன்னதாக ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளல் நலம். இஸ்லாம் என்னும் சமயம் வேறு; இஸ்லாத்தினின்று ஓர் அரசாங்கத்தின் முழு அமைப்பையும் வருவிக்கலாம் எனக் கருதும் இருபதாம் நூற்றாண்டு அரசியற் சிந்தனை வேறு. பின்னதைக் கடுமையாக மறுத்தவர்களுள் ஷியா மார்க்கத்தின் மிகப் பெரிய அறிஞர்களே பலர் இருந்தனர்.

சிந்தனையின் ஊற்றுகள்

பன்னிரு இமாம்களை ஏற்கும் ஷியா மரபின்படி, பன்னிரண்டாம் இமாம் கி.பி. 941 முதல் முற்றிலும் மறைவில் இருக்கின்றார்; காலத்தின் முடிவில் அவர் வெளிப்பட்டு உலகை நீதியால் நிரப்புவார். அதுகாறும் எந்த ஆட்சியும் குறையுள்ள ஆட்சியே. இந்நம்பிக்கை மார்க்க அறிஞர்களை அரசினின்று விலகி நிற்கச் செய்தது. அவர்கள் அநாதைகளையும் அறக்கட்டளைகளையும் மேற்பார்த்தனர், மன்னர் தவறியபோது கண்டித்தனர், அரியணையை நாடவில்லை. அயலார் ஆதிக்கம் நாட்டில் புகுந்த வேளைகளில் மட்டும் அவர்கள் குரல் ஓங்கி ஒலித்தது. 1890ஆம் ஆண்டில் ஈரானின் புகையிலை வணிகம் முழுவதையும் மன்னர் ஓர் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தபோது, புகையிலையைத் தொடுவது ஆகாது என்று மிர்ஸா ஹஸன் ஷிராஸியின் பெயரால் 1891இன் இறுதியில் மார்க்கத் தீர்ப்பொன்று வெளியாயிற்று. நாடு முழுவதும் ஹுக்காக்கள் ஓய்ந்தன. சில வாரங்களுக்குள் உரிமம் இரத்தாயிற்று. ஒரு மார்க்கத் தீர்ப்பு அயல்நாட்டு உடன்படிக்கை ஒன்றை முறித்த இந்நிகழ்ச்சியை ஈரானியர் மறக்கவில்லை.

அடுத்த நூற்றாண்டின் காயம் இதனினும் ஆழமானது. 1951இல் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக், 1953 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டார். ஷா மன்னரின் அதிகாரம் வலுப்பெற்றது. 1955இல் ஈரான் பாக்தாத் உடன்படிக்கையில் சேர்ந்து மேற்கு அணியில் இடம்பெற்றது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில், ஈரானிலுள்ள அமெரிக்க இராணுவப் பணியாளருக்கு அந்நாட்டு நீதிமன்றங்களின் அதிகாரத்தினின்று விலக்கு அளிக்கும் சட்டத்தை எதிர்த்துக் கோம் நகரில் ஓர் உரை நிகழ்ந்தது. அமெரிக்கச் சமையற்காரன் ஒருவன் ஈரானின் தலைமை மார்க்க அறிஞரை நடுத்தெருவில் வண்டியேற்றிக் கொன்றாலும் கேட்பாரில்லை என்ற பொருள்பட அவ்வுரையை ஆற்றியவர் அயத்துல்லா ரூஹுல்லா கொமெய்னி. சில நாட்களில் அவர் நாடு கடத்தப்பட்டார். துருக்கியில் ஏறத்தாழ ஓராண்டும், பின்னர் ஈராக்கிலுள்ள நஜஃப் நகரில் பதின்மூன்று ஆண்டுகளும் கழித்தார்.

அந்த நஜஃபில்தான் 1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தம் மாணாக்கருக்கு ஆற்றிய விரிவுரைகள் ‘இஸ்லாமிய ஆட்சி’ என நூலுருப் பெற்றன. இமாம் மறைவில் இருக்கும் காலத்தில் ஆளும் பொறுப்பு மார்க்கச் சட்ட அறிஞரையே சாரும் என்பது அவற்றின் மையக் கருத்து. இதனையே ‘விலாயத்தே ஃபகீ’ என வழங்குவர். மரபுவழி வந்த மூத்த அறிஞர் பலருக்கு இது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. நஜஃபிலேயே வாழ்ந்த அயத்துல்லா கூயி இக்கருத்தை ஒப்பவில்லை. விரிவுரைகளில் அயல்நாட்டுக் கொள்கைக்கெனத் தனி அதிகாரம் கிடையாது. ஆயினும் அதன் வித்து அங்கு உண்டு. முஸ்லிம்களின் தாயகத்தைக் கூறுபோட்டவர்கள் வல்லரசினர். அதனை மீண்டும் ஒன்றாக்க ஆட்சி ஒன்று தேவை என்று கொமெய்னி வாதிட்டார். ஆட்சியின் தேவைக்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று அயலார் ஆதிக்கமே என்பது கவனிக்கத்தக்கது.

வேறு ஊற்றுகளும் இதனோடு கலந்தன. மேற்கு மோகத்தை ஒரு நோயெனச் சாடிய ஜலால் ஆலெ அஹ்மதின் நூல் 1962இல் வெளிவந்தது. பாரிசில் பயின்று திரும்பிய அலீ ஷரீஅத்தி, மூன்றாம் உலக விடுதலைச் சிந்தனையை ஷியா மார்க்கத்தின் தியாக மொழியில் பேசி இளைஞரைக் கவர்ந்தார். எகிப்தில் 1966இல் தூக்கிலிடப்பட்ட சையது குத்புவின் எழுத்துகள் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டன. பெயர்த்தவர்களுள் ஒருவர், பின்னாளில் குடியரசுத் தலைவராகவும் உச்சத் தலைவராகவும் விளங்கிய அலீ காமெனெயீ. குத்பு சுன்னி மரபினர் என்பது அந்நாளில் தடையாகத் தோன்றவில்லை.

சட்டத்தில் ஏறிய சொல்

1979 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பினால் உறுதிசெய்யப்பட்ட அரசியலமைப்புச் சட்டத்தில் இச்சிந்தனை சட்டமொழி பெற்றது. முஸ்லிம்கள் அனைவரும் ஒரே சமுதாயத்தினர் என்கிறது 11ஆம் பிரிவு. ஆதிக்கம் செலுத்துவதையும் ஆதிக்கத்திற்கு உட்படுவதையும் ஒருங்கே விலக்குகின்றது 152ஆம் பிரிவு. 154ஆம் பிரிவோ, ஒரே மூச்சில் இரண்டு வாக்குறுதிகளைத் தருகின்றது: பிற நாடுகளின் உள்விவகாரங்களில் எவ்வகையிலும் தலையிடுவதில்லை என்பது ஒன்று; உலகின் எம்மூலையிலும் ஒடுக்கப்பட்டோர் ஒடுக்குவோரை எதிர்த்து நடத்தும் நீதியான போராட்டத்திற்குத் துணைநிற்பது மற்றொன்று. இவ்விரண்டையும் எங்ஙனம் ஒருங்கே கைக்கொள்வது என்பதைச் சட்டம் விளக்கவில்லை. அடுத்த பத்தாண்டுகளின் சிக்கல் முழுவதும் அவ்வொரு பிரிவில் அடங்கிக் கிடந்தது எனலாம்.

ஒடுக்கப்பட்டோர் என நாம் குறித்த சொல்லுக்கு மூலம் ‘முஸ்தஸஃபீன்’. பலவீனராக்கப்பட்டவர் என்பது அதன் நேர்ப்பொருள். பார்வோனின் கீழ் நலிந்தவர்களைத் தலைவர்களாக்கிப் பூமிக்கு உரியவர்களாக்க இறைவன் விரும்பினான் என்னும் திருக்குர்ஆன் பகுதியிலிருந்து (28:5) அது எடுக்கப்பட்டது. யாத்திராகமத்தையும் மரியாளின் பாடலையும் அறிந்த நம் வாசகர்க்கு இச்சொல் அந்நியமாகத் தோன்றாது. எழுபதுகளில் இலத்தீன் அமெரிக்க இறையியலார் ஏழையரின் பக்கம் நிற்கும் கடவுளைப் பற்றி எழுதிய அதே காலத்தில்தான் தெஹ்ரானிலும் இச்சொல் உயிர்பெற்றது. இதனை நாம் எள்ளி நகையாட இயலாது. அதன் பெயரால் நிகழ்ந்த நற்செயல்களும் உண்டு. ஷா மன்னரின் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை ஈரானே நிறைவுசெய்து வந்தது; புதிய அரசு 1979இல் நிறவெறி ஆட்சிக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தி உறவையும் முறித்தது. இஸ்ரேலின் தூதரகக் கட்டடம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மேற்கத்திய இராணுவ அணியினின்று மார்ச்சு மாதத்தில் ஈரான் விலகிற்று. செப்டம்பரில் ஹவானா மாநாட்டில் அணிசேரா நாடுகளோடு சேர்ந்தது. இஸ்ரேலோடு உடன்படிக்கை செய்துகொண்ட எகிப்துடன் உறவு அறுந்தது. பின்னர் 1981இல் எகிப்தின் அதிபர் சாதாத்தைக் கொன்றவரின் பெயர் தெஹ்ரான் நகரத் தெரு ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. அயல்நாட்டுக் கொள்கையில் தெருப்பெயருக்கும் இடம் உண்டு என்பதை அதனால் நெடுங்காலம் நீடித்த கசப்பு காட்டிற்று.

முதல் பிரதமர் பஸர்கான் தொழுகை தவறாத பொறியியலாளர். நாடுகளோடு நாடாக ஈரான் வாழவேண்டும் என்பது அவர் எண்ணம். ஷா மன்னர் மருத்துவத்திற்காக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட செய்தியால் தெஹ்ரான் கொதித்திருந்த வேளையில், 1979 நவம்பர் 1ஆம் நாள் அவர் அல்ஜியர்ஸ் நகரில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் பிரெசென்ஸ்கியைச் சந்தித்தார். 4ஆம் நாள் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினர். கொமெய்னி அதனை ஆதரித்தார். பஸர்கான் பதவி விலகினார். 52 பேர் 444 நாட்கள் பிணையாளிகளாயிருந்தனர். தூதருக்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்பது இஸ்லாமிய மரபும் ஏற்ற நெறி. எனினும் தூதரகத்தை ‘வேவுகாரர் கூடு’ எனப் பெயர் மாற்றியதும் அந்நெறி அதற்குப் பொருந்தாதாயிற்று. சொல்லை மாற்றினால் கடமை மாறும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இஸ்பஹான் சபை

இவ்விடத்தில் சற்று நின்று, பன்னாட்டு அரசியல் நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லும் ஒரு சிறு கூட்டத்தாரை நோக்குவோம். திருநெல்வேலியில் பணிசெய்த அதே சர்ச் மிஷனெரி சங்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஸ்பஹானிலும் பணி தொடங்கிற்று. இந்தியாவில் குருப்பணியாற்றிய ஹென்றி மார்ட்டின் 1811இல் ஷிராஸ் நகரை அடைந்து, பாரசீகப் புதிய ஏற்பாட்டைச் செப்பனிட்டு முடித்தது அதற்கு முன்னோடி. பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. சபையோ எண்ணிக்கையில் மிகச் சிறியது. அதன் பேராயராக 1961இல் திருநிலைபெற்ற ஹஸன் தெகானி தஃப்தி, தஃப்து என்னும் சிற்றூரில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து பாரசீகக் கவிதையில் ஊறியவர்.

புதிய அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு ஸொராஸ்டிரியரையும் யூதரையும் கிறிஸ்தவரையும் ஏற்கப்பட்ட சிறுபான்மையினர் எனக் குறிக்கின்றது. 64ஆம் பிரிவு ஆர்மீனியருக்கு இரண்டும், அசீரியருக்கும் கல்தேயருக்கும் சேர்த்து ஒன்றும் எனப் பாராளுமன்ற இடங்களை ஒதுக்குகின்றது. பாரசீகம் பேசும், முஸ்லிம் குடும்பங்களினின்று வந்த கிறிஸ்தவருக்கு அதில் இடமில்லை. ஓர் இனமாக வாழும் கிறிஸ்தவரை அரசு அறிந்திருந்தது. மனமாறி வந்த கிறிஸ்தவரை அறியவில்லை. அத்தகையோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு அயல்நாட்டுக் கொள்கையின் மொழியே விடை தந்தது: அவர்கள் அந்நிய வல்லரசின் கையாட்கள்.

1979 பெப்ரவரி 19ஆம் நாள், புரட்சி வென்று எட்டே நாட்களில், ஷிராஸ் நகரின் குரு அரஸ்து சய்யா தம் சபை அலுவலகத்தில் கொல்லப்பட்டார். மருத்துவமனைகள் பறிமுதலாயின. அக்டோபர் 26ஆம் நாள் விடியற்காலையில் பேராயரின் படுக்கையறைக்குள் ஆயுதந்தாங்கியோர் புகுந்து சுட்டனர். அவர் உயிர் தப்பினார்; கணவரைக் காக்கப் பாய்ந்த திருமதி மார்கரெட் கையில் காயமுற்றார். திருச்சபைக் கூட்டத்திற்காக வெளிநாடு சென்ற பேராயர் மீண்டும் தாயகம் திரும்ப இயலவில்லை. 1980 மே 6ஆம் நாள் அவருடைய ஒரே மகன் பஹ்ராம் தெஹ்ரானில் கொல்லப்பட்டார், வயது 24. மகனைக் கொன்றவர்களை மன்னிக்குமாறு தந்தை எழுதிய மன்றாட்டு அடக்க ஆராதனையில் பாரசீக மொழியில் ஏறெடுக்கப்பட்டது. உலகின் பல சபைகளில் அது இன்றும் பயன்படுகின்றது. அவ்வாண்டே மூன்று பிரிட்டிஷ் மிஷனெரிமார் வேவுக் குற்றஞ்சாட்டிச் சிறைவைக்கப்பட்டனர். கான்டர்பரி பேராயரின் தூதராக டெரி வெய்ட் சென்று பேசியதன் பின் 1981 பெப்ரவரியில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

சபையின் மேல் சுமத்தப்பட்ட வேவுக் குற்றம் பொய். அப்பொய் எளிதில் நம்பப்பட்டதற்கு மேற்கின் நடத்தையும் ஒரு காரணம். 1953இல் தூதரகங்களும் பணமும் ஆட்களும் ஒரு பிரதமரை வீழ்த்தப் பயன்பட்டதைக் கண்ட மக்களுக்கு, வெளிநாட்டுத் தொடர்புடைய எந்நிறுவனமும் ஐயத்திற்குரியதாயிற்று. மருத்துவமனை கட்டியவர்களும் அரசைக் கவிழ்த்தவர்களும் ஒரே மொழி பேசினர்; ஒரே நிறத்தினர். கடனைச் செலுத்த நேர்ந்ததோ இவ்விரு சாராரையும் சாராத பாரசீகக் கிறிஸ்தவருக்கு.

போரும் ஆயுதமும்

1980 செப்டம்பர் 22ஆம் நாள் ஈராக் ஈரானின்மேல் படையெடுத்தது. தாக்குண்டது ஈரான் என்பதில் ஐயமில்லை. 1982 மே 24ஆம் நாள் கொர்ரம்ஷஹர் நகரை ஈரானியர் மீட்டனர். போர் அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஜூலை மாதத்தில் ஈரானியப் படை எல்லை கடந்து பஸ்ராவை நோக்கிச் சென்றது. எருசலேமுக்குச் செல்லும் வழி கர்பலா வழியாகவே என்னும் முழக்கம் எழுந்தது. கர்பலா, இமாம் ஹுசைன் கி.பி. 680இல் உயிர்நீத்த களம், ஈராக்கில் உள்ளது. தற்காப்புப் போர் மீட்புப் போராகப் பெயர்பெற்றது. மேலும் ஆறாண்டுகள் நீண்டது.

அதே 1982ஆம் ஆண்டில் நேர்ந்த இன்னொரு நிகழ்ச்சியை இதனோடு ஒப்பிட வேண்டும். பெப்ரவரியில் சிரியாவின் ஹமா நகரில் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தினர் கிளர்ந்தெழுந்தனர். அதிபர் ஹாபிஸ் அசாத்தின் படை நகரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கிப் பல்லாயிரவரைக் கொன்றது. சிரிய ஆட்சியோ சமயச்சார்பற்ற பாத் கட்சியின் ஆட்சி. தெஹ்ரான் வாய்திறவாதிருந்தது. மார்ச்சில் ஈரான் சிரியாவுக்கு எண்ணெய் தர உடன்பட்டது. ஏப்ரலில் சிரியா தன் நிலத்தின் வழியே சென்ற ஈராக்கின் எண்ணெய்க் குழாயை மூடிற்று. குத்புவை மொழிபெயர்த்தவர் குடியரசுத் தலைவராயிருந்த நாட்டில், குத்புவின் சீடர்களுக்காகப் பேசுவார் இல்லை. ஹமாவின் ஒடுக்கப்பட்டோர் அந்த ‘முஸ்தஸஃபீன்’ என்னும் சொல்லுக்குள் அடங்கவில்லை.

லெபனானில் மட்டும் கொள்கையும் நலனும் ஒருங்கே நடந்தன. 1982 ஜூனில் இஸ்ரேல் லெபனானுக்குள் படையெடுத்தபின், ஈரானின் புரட்சிக் காவலர் பெகா பள்ளத்தாக்கிற்குச் சென்று அங்குள்ள ஷியா இளைஞரைப் பயிற்றுவித்தனர். ஹெஸ்பொல்லா அதன் விளைவு. 1985 பெப்ரவரியில் அவ்வியக்கம் வெளியிட்ட பகிரங்கக் கடிதம், ஆளும் மார்க்க அறிஞருக்குத் தன் கீழ்ப்படிதலை வெளிப்படையாகக் கூறிற்று. ஈரானிய எல்லைக்கு அப்பால் நஜஃப் விரிவுரைகளின் கருத்தை ஏற்று வேரூன்றிய இயக்கங்களுள் அதற்கு இணையானது வேறில்லை.

போர் நீண்டபோது ஆயுதம் தேவைப்பட்டது. ஷா மன்னர் வாங்கிய படைக்கலங்கள் அமெரிக்கத் தயாரிப்பு; உதிரிப்பாகங்களும் அங்கிருந்தே வரவேண்டும். 1985, 1986ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவினின்று, தொடக்கத்தில் இஸ்ரேலின் வழியாகவே, ஏறக்குறைய 2000 டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் இரகசியமாக ஈரானை அடைந்தன. லெபனானில் பிடிபட்டிருந்த அமெரிக்கப் பிணையாளிகளின் விடுதலை அதற்கு ஈடு. 1986 அக்டோபரில் இப்பேச்சுவார்த்தையின்போது ஈரானியருக்கு ஒரு வேதாகமம் பரிசாகக் கொடுக்கப்பட்டது. அதில் அதிபர் ரீகன் தம் கையால் கலாத்தியர் 3:8ஐ எழிதிக் கையொப்பமிட்டிருந்தார். விசுவாசத்தினால் புறவினத்தாரும் நீதிமான்களாக்கப்படுவர் என்பதற்குப் பவுலடியார் ஆபிரகாமைச் சான்றாகக் காட்டும் வசனம் அது. கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் ஆகிய மூவருக்கும் ஆபிரகாம் தந்தை என்பதால் பொருத்தமெனக் கருதினர் போலும். 1987 ஜனவரியில் பாராளுமன்றத் தலைவர் ரஃப்ஸஞ்சானி அப்பக்கத்தைச் செய்தியாளருக்குக் காட்டினார். சமயச் சொல்லை அரசின் வாயிலில் தொங்கவிடுவது தெஹ்ரானின் தனிவழக்கமன்று என்பதை உணர, நமக்கு இந்த ஒரு பக்கமே போதும்.

இதன் மறுபக்கம் இருண்டது. புரட்சிக் காவலரின் விடுதலை இயக்கங்களுக்கான அலுவலகத்தை முன்பு நடத்தியவர் மெஹ்தி ஹாஷெமி. புரட்சியைப் பிற நாடுகளுக்குக் கொண்டுசெல்லுதல் என்பதைச் சொல்லுக்குச் சொல் நம்பிய கூட்டத்தார்க்கு அவர் தலைவர். கொமெய்னியின் வாரிசென நியமிக்கப்பட்டிருந்த அயத்துல்லா மொந்தஸெரிக்கு உறவினர். 1986 அக்டோபரில் அவர் கைதானார். நவம்பர் தொடக்கத்தில் லெபனான் இதழ் ஒன்றில் அமெரிக்கப் பேரத்தின் செய்தி வெளிவந்தது. வெளிவரச் செய்தவர்கள் அவரைச் சார்ந்தோரே. 1987 செப்டம்பரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்மேல் கொலைக் குற்றங்களும் சாட்டப்பட்டிருந்தன. நாம் அவருக்கு வழக்காட வரவில்லை. எனினும் 154ஆம் பிரிவின் பிற்பாதியை நம்பியவர் அதன் முற்பாதியின் பெயரால் வீழ்ந்தார் என்பது வெளிப்படை.

1988 ஜனவரிக் கடிதம்

1987 ஜூலை 31ஆம் நாள் மக்காவில், ஹஜ்ஜுக்குச் சென்ற ஈரானியர் அமெரிக்காவையும் இஸ்ரேலையும் கண்டித்து ஊர்வலம் நடத்தியபோது, சவூதிக் காவலரோடு மோதல் மூண்டது. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 275 பேர் ஈரானியர். ஹஜ் வழிபாடா, அரசியலா என்பதே அங்கு எழுந்த வழக்கு. 1988 ஏப்ரலில் சவூதி அரேபியா உறவை முறித்தது. அதன்பின் மூன்றாண்டுகள் ஈரானியர் ஹஜ் செல்லவில்லை.

இவ்விரண்டிற்கும் இடையில், 1988 ஜனவரி 6ஆம் நாள், கொமெய்னி எழுதிய கடிதமே நம் ஆய்வின் நடுத்தூண். வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் ஒன்றில் குடியரசுத் தலைவர் காமெனெயீ, அரசின் அதிகாரம் இறைச் சட்டங்களின் வரம்புக்கு உட்பட்டது என்ற பொருளில் பேசியிருந்தார். நூற்றாண்டுகளாக எந்த மார்க்க அறிஞரும் ஐயமின்றிக் கூறியிருக்கக்கூடிய வாக்கியம் அது. கொமெய்னி அதனைக் கடிந்து திருத்தினார். அரசு என்பது முதன்மையான கட்டளைகளுள் ஒன்று. அது தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகிய துணைக் கட்டளைகளுக்கும் முற்பட்டது. இஸ்லாமிய நாட்டின் நலனுக்கு மாறாயிருப்பின் ஹஜ்ஜையும் சிலகாலம் நிறுத்திவைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது அவர் தீர்ப்பு. அடுத்த மாதமே நாட்டின் ‘மஸ்லஹத்’தை, அதாவது பொதுநலனை, நிர்ணயிக்கும் மன்றம் நிறுவப்பட்டது.

இறையியல் பயில்வோர் இக்கடிதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். நலனுக்காகக் கொள்கையை ஒதுக்கிவைத்த அரசியலாரை வரலாறு எங்கும் காணலாம். அவர்கள் செய்வது பாவம் என்று உரைக்க ஒரு வேதமேனும் வெளியே நிற்கும். இங்கோ நலனே வேதத்தின் முதற்கட்டளையாயிற்று. அரசை நோக்கி ‘இது ஆகாது’ என இறைவனின் பெயரால் சொல்ல விரும்பும் விசுவாசிக்குக் காலூன்ற நிலமில்லாது போயிற்று. ரோமர் 13ஆம் அதிகாரத்தைத் தனித்தெடுத்து ஓதிய ஜெர்மானிய கிறிஸ்தவர்களையும், அவர்களுக்கு எதிராக 1934 மே மாதத்தில் பார்மன் நகரில் கூடிய சபையாரையும் நம் வகுப்பறைகளில் கற்பிக்கின்றோம். மனித வாழ்வின் முழு ஒழுங்கும் தானே என அரசு உரிமை கொண்டாடலாகாது என்று பார்மன் கூடுகை அறிவித்தது. மறைவான இமாமுக்காகக் காத்திருந்த பழைய ஷியா மரபும் தன் வழியில் அதையே கூறிவந்தது என்பதுதான் இதில் வியப்பு.

கடிதத்தின் பயன் விரைவில் தெரிந்தது. 1988 ஜூலை 3ஆம் நாள் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டனர். நாடு களைத்திருந்தது. ஓராண்டாக ஏற்காதிருந்த ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தின் 598ஆம் தீர்மானத்தை அம்மாத நடுவில் ஈரான் ஏற்றது. இது நஞ்சுக் கிண்ணத்தைப் பருகுதற்கு ஒப்பாகும் எனக் கொமெய்னி மக்களுக்கு அறிவித்தார். அரசின் நலன் கருதியே ஏற்றதாகக் கூறினார். ஆகஸ்டு 20ஆம் நாள் போர் ஓய்ந்தது. உயிர்கள் காக்கப்பட்டதற்காக நாம் மகிழலாம். ஆனால் அதே கோடையில், அதே அரசைக் காத்தலின் பெயரால், சிறைகளிலிருந்த அரசியற் கைதிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். எதிர்த்துக் கடிதம் எழுதியவர் மொந்தஸெரி. விலாயத்தே ஃபகீ அரசியலமைப்பில் இடம்பெறப் பெரிதும் உழைத்தவர் அவர். முழக்கங்களால் உலகை அச்சுறுத்தித் தனிமைப்பட்டோம் என்று 1989 பெப்ரவரியில் பகிரங்கமாகவும் பேசினார். மார்ச்சு மாத இறுதியில் வாரிசு நிலையினின்று விலக்கப்பட்டார். வெளியே நிலமில்லாத இடத்தில் நின்றவருக்கு அதுவே நேர்ந்தது.

மாஸ்கோவுக்கு ஒரு மடல்

அந்த ஆண்டின் தொடக்க நாளில் கொமெய்னி சோவியத் தலைவர் கார்பச்சேவுக்கு ஒரு மடல் எழுதினார். அயத்துல்லா ஜவாதி ஆமுலி தலைமையில் ஒரு பெண்மணி உள்ளிட்ட தூதுக்குழு அதனைக் கிரெம்ளினுக்குக் கொண்டு சென்றது. பொதுவுடைமை இனி வரலாற்றின் அருங்காட்சியகத்தில் தேடத்தக்கது. உங்கள் நாட்டின் நோய் பொருளாதாரத்தில் இல்லை, கடவுளை மறுத்ததில் இருக்கின்றது. மேற்கின் சந்தையில் மருந்து தேடாதீர்கள் என்பது அதன் சாரம். ஃபாராபி, இப்னு சீனா, சுஹ்ரவர்தி, முல்லா சத்ரா, இப்னு அரபி ஆகியோரின் நூல்களை ஆராய அறிஞர்களைக் கோம் நகருக்கு அனுப்புமாறும் அவர் அழைத்தார். வல்லரசின் தலைவருக்கு ஒரு நாட்டின் தலைவர் மெய்யியல் நூற்பட்டியலை அனுப்பிய வேறு நிகழ்ச்சி இருபதாம் நூற்றாண்டில் உண்டோ என நமக்குத் தெரியவில்லை. இம்மடலைப் படிக்கையில், அரசியலாருக்கு அடியில் முதிய ஞானமார்க்க ஆசிரியர் ஒருவர் இருந்தது புலப்படுகின்றது. ஆறு வாரங்களுக்குப் பின், பெப்ரவரி 14ஆம் நாள், நாவலாசிரியர் சல்மான் ருஷ்டிக்கு மரண தண்டனை விதித்து அறிவித்தவரும் அவரே. அதனால் மார்ச்சு மாதத்தில் பிரிட்டனுடன் உறவு முறிந்தது.

கார்பச்சேவின் மறுமொழியை அயல்நாட்டு அமைச்சர் ஷெவர்நாட்ஸே பெப்ரவரி 26ஆம் நாள் தெஹ்ரானுக்கு நேரில் கொண்டுவந்து வாசித்தார். அது இரு நாடுகளின் நல்லுறவையும் வட்டார அமைதியையும் பற்றியதாயிருந்தது. கொமெய்னிக்கு ஏமாற்றம். மறுமையைக் காண ஒரு சாளரத்தைத் திறக்கவே தாம் விரும்பியதாக அவர் விருந்தினரிடம் கூறி எழுந்து சென்றார்.

ஜூன் 3ஆம் நாள் அவர் காலமானார். மூன்று வாரங்கள் நிறைவுறுமுன் ரஃப்ஸஞ்சானி மாஸ்கோ சென்றார். அங்குக் கையெழுத்தான உடன்பாடுகள் வணிகத்தையும் இரயில் பாதையையும் ஈரானின் பாதுகாப்பு ஆற்றலை வலுப்படுத்துவதையும் பற்றியவை.